செயின்ட் லூயிஸ் கேட்கத் தவறிய கேள்வி

2008 கோடையில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரம் கொதித்துப்போயிருந்தது. பட்வைசர் பீரைத் தயாரிக்கும் ஆன்ஹைசர்-புஷ் நிறுவனத்தை, பெல்ஜியத்தின் லூவன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்பெவ் விலைக்குக் கேட்டதுதான் காரணம். ஜூன் 11 அன்று இன்பெவ் சொன்ன விலை பங்கு ஒன்றுக்கு 65 டாலர். மொத்தம் சுமார் 4,600 கோடி டாலர். மாநில ஆளுநர் மேட் பிளன்ட் எதிர்த்தார். செனட்டர்கள் கிட் பாண்டும் கிளேர் மெக்காஸ்கிலும் கட்சி வேறுபாடு பாராமல் எதிர்த்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் களத்தில் இருந்த பராக் ஒபாமா, பட்வைசர் வெளிநாட்டார் கைக்குப் போவது வருந்தத்தக்கது என்றார். கையெழுத்து இயக்கங்கள் நடந்தன.

ஐந்து வாரங்கள்கூட ஆகவில்லை. ஜூலை 13 அன்று, பங்கு ஒன்றுக்கு 70 டாலர் என்ற விலைக்கு இயக்குநர் குழு இசைந்தது. சுமார் 5,200 கோடி டாலருக்கு நிறுவனம் கைமாறியது. அமெரிக்கர்கள் குடிக்கும் பீரில் ஏறத்தாழ பாதியைத் தயாரித்துவந்த நிறுவனம் அது.

இவ்வளவு பெரிய எதிர்ப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் தோற்றது? எதிர்த்தவர்கள் ‘வாங்குபவர் எந்த நாட்டவர்?’ என்று கேட்டார்கள். ‘எந்தப் பணத்தில் வாங்குகிறார், அந்தப் பணத்தை யார் திருப்பிக் கட்டப்போகிறார்கள்?’ என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் அந்த ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது.

ஊரும் ஆலையும்

செயின்ட் லூயிஸ் மக்களின் கோபத்தை வெறும் உணர்ச்சிவசம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆன்ஹைசர்-புஷ் நிறுவனத்தை உருவாக்கியவர்களே ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள்தாம். எபர்ஹார்ட் ஆன்ஹைசர் 1860-இல் நொடித்துப்போன ஒரு பீர் ஆலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவருடைய மருமகன் அடால்ஃபஸ் புஷ், 1876-இல் பட்வைசரை அறிமுகப்படுத்தி, குளிரூட்டிய ரயில் பெட்டிகளில் நாடு முழுக்க அனுப்பினார்.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. நூற்றுக்கணக்கான பீர் ஆலைகள் நிரந்தரமாக மூடப்பட்டன. ஆன்ஹைசர்-புஷ் மூடவில்லை. ரொட்டிக்கான ஈஸ்ட், மால்ட் பாகு, ஐஸ்கிரீம், மது கலவாத பானம், குளிர்சாதன லாரிகளுக்கான கூண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் செய்து விற்றுக் காலம் தள்ளியது. 1953-இல், கார்டினல்ஸ் பேஸ்பால் அணி ஊரைவிட்டுப் போய்விடுமோ என்ற நிலை வந்தபோது, அப்போதைய தலைவர் கஸ்ஸி புஷ் நிறுவனத்தின் பணத்தில் அதை வாங்கி ஊரிலேயே நிறுத்தினார். அந்த அணியின் மைதானம் இன்றும் புஷ் பெயரையே தாங்கியிருக்கிறது.

இவையெல்லாம் தூய தருமம் அல்ல. பேஸ்பால் பார்க்க வருபவர்கள் பீரும் குடிப்பார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும், முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊரில் வாழ்ந்ததால் நிறுவனத்தின் இழப்பும் ஊரின் இழப்பும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன. அந்தப் பிணைப்பு அறுந்துவிடும் என்று மக்கள் அஞ்சியதில் தவறே இல்லை.

கோட்டைச் சுவர் எப்போது இடிந்தது?

அந்தப் பிணைப்பு 2008-க்கு முன்பே அறுந்துவிட்டது என்பதைத்தான் ஊர் கவனிக்கவில்லை. நிறுவனத்தை நடத்தியவர்கள் புஷ் குடும்பத்தினர். ஆனால், அவர்களிடம் இருந்த பங்குகள் 4 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவை பங்குச் சந்தையிலும், ஓய்வூதிய நிதிகளிடமும், வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே போன்ற முதலீட்டாளர்களிடமும் இருந்தன. பல ஆண்டுகளாக 50 டாலரைச் சுற்றியே நின்ற பங்குக்கு ஒருவர் 70 டாலர் தருகிறேன் என்றால், அவர்கள் ஏன் மறுக்க வேண்டும்?

சட்டமும் அவர்கள் பக்கமே இருந்தது. நிறுவனம் பதிவாகியிருந்தது டெலவர் மாநிலத்தில். அங்குள்ள சட்டப்படி, பங்குதாரர்கள் கூட்டம் கூட்டாமலேயே எழுத்து மூலம் ஒப்புதல் தந்து இயக்குநர்களை மாற்ற முடியும். முன்பு இயக்குநர்களின் பதவிக் காலம் ஆண்டுக்கு ஒரு பகுதியாக முடியும்படி வைத்திருந்தார்கள். ஒரே அடியில் மொத்தக் குழுவையும் மாற்ற முடியாதபடி காத்த ஏற்பாடு அது. பங்குதாரர்களின் வற்புறுத்தலால் 2006-இல் அதையும் கைவிட முடிவானது. 13 இயக்குநர்களையும் நீக்கத் தங்களுக்கு வழி உண்டு என்று உறுதிசெய்யும்படி டெலவர் நீதிமன்றத்துக்கே போனது இன்பெவ். மாற்று இயக்குநர்களாக அது முன்மொழிந்த பட்டியலில் புஷ் குடும்பத்தைச் சேர்ந்த அடால்ஃபஸ் புஷ் நான்காமவரும் இருந்தார்.

நிர்வாகத்தின் பழைய பிழைகளும் சேர்ந்துகொண்டன. உலகின் மற்ற பீர் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கிப் பெருத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆன்ஹைசர்-புஷ் உள்நாட்டுச் சந்தையே போதும் என்றிருந்தது. மெக்சிகோவின் மொடேலோவில் பாதிப் பங்கு வைத்திருந்தும் அதன் நிர்வாகத்தைக் கையில் எடுக்கவில்லை. அதற்குள் தென்னாப்பிரிக்காவின் எஸ்.ஏ.பி. 2002-இல் மில்லரை வாங்கியிருந்தது. 2005-இல் கனடாவின் மோல்சனும் அமெரிக்காவின் கூர்ஸும் இணைந்தன. 2008-இல் டாலரின் மதிப்பு சரிந்து, ஒரு யூரோ 1.60 டாலர் வரை போனது. ஐரோப்பிய நிறுவனத்துக்கு அமெரிக்கச் சொத்து மலிவாகக் கிடைத்த தருணம் அது.

வாங்கியது யார்?

இன்பெவ் பெல்ஜிய நிறுவனம் என்றாலும் அதை நடத்திய மூளை பிரேசிலுடையது. ஜார்ஜ் பாலோ லெமான், மார்செல் டெல்லஸ், கார்லோஸ் சிகுபிரா ஆகிய மூன்று முதலீட்டாளர்கள் 1989-இல் பிராமா என்ற பீர் நிறுவனத்தை வாங்கினார்கள். அது வளர்ந்து ஆம்பெவ் ஆனது. 2004-இல் பெல்ஜியத்தின் இன்டர்ப்ரூவுடன் சேர்ந்து இன்பெவ் ஆனது. அப்போதைய தலைமை நிர்வாகி கார்லோஸ் பிரிட்டோவும் பிரேசில்காரர்.

இவர்களுடைய முறை எளிமையானது. கடன் வாங்கி ஒரு பெரிய நிறுவனத்தை வாங்குவது, செலவை இரக்கமின்றி வெட்டுவது, மிச்சமாகும் பணத்தில் கடனை அடைப்பது, அடுத்ததை வாங்குவது. இதற்கான கருவி ‘பூஜ்யத்திலிருந்து பட்ஜெட்’. போன ஆண்டு இவ்வளவு செலவானது, இந்த ஆண்டு கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு செலவையும் முதலிலிருந்து நியாயப்படுத்த வேண்டும்.

ஆன்ஹைசர்-புஷ் நிறுவனத்தை வாங்க, பத்து வங்கிகளிடமிருந்து ஏறத்தாழ 4,500 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடு செய்தது இன்பெவ். ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதங்களில், செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. உலகெங்கும் கடன் சந்தை உறைந்தது. கடன் கொடுத்த வங்கிகளில் ஃபோர்டிஸ், ஆர்.பி.எஸ். போன்றவற்றை அந்தந்த நாட்டு அரசுகளே கைகொடுத்துத் தூக்க வேண்டிவந்தது. இருந்தும் நவம்பர் 18 அன்று கைமாற்றம் நிறைவேறியது. உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனம், மிக மோசமான நேரத்தில், மலைபோன்ற கடனோடு பிறந்தது.

கடனைக் கட்டியவர்கள்

மூன்று வாரம்கூட முடியவில்லை. டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவில் 1,400 மாதச் சம்பள அலுவலர்களை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் செயின்ட் லூயிஸ்காரர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு முன்பே விருப்ப ஓய்வில் போயிருந்தார்கள். 2009-இல், நிறுவனத்திடம் இருந்த சீ வேர்ல்டு உள்ளிட்ட கேளிக்கைப் பூங்காக்கள் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. கேன் தயாரிக்கும் ஆலைகள் ‘பால்’ (Ball) என்ற நிறுவனத்துக்குப் போயின. நிறுவனத்தின் விமானங்கள், அதிகாரிகளின் தனி அறைகள், பூங்காவுக்கு வருபவர்களுக்குக் கொடுத்த இலவச பீர் என்று ஒவ்வொன்றாகப் போயின.

அதிகாரிகளுக்குத் தனி விமானம் இல்லாமல் போனதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆன்ஹைசர்-புஷ் நிர்வாகமே, இன்பெவ்வை விரட்டுவதற்காக, 100 கோடி டாலர் செலவைக் குறைக்கப்போவதாக அந்த ஜூனில் வாக்குக் கொடுத்திருந்தது. உள்ளூர் முதலாளியே நீடித்திருந்தாலும் ஆட்குறைப்பு நடந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், ஒரு நடவடிக்கையை மட்டும் நியாயப்படுத்தவே முடியாது. சரக்கு கொடுப்பவர்களுக்கு முன்பு 30 நாளில் பணம் கொடுத்துவந்த நிறுவனம், அதை 120 நாளாக நீட்டியது. இதன் பொருள் என்ன? ஒரு சிறிய நிறுவனம் ஜனவரி தொடக்கத்தில் சரக்கை ஏற்றி அனுப்பினால், மே மாதம்தான் காசைப் பார்க்கும். அந்த நான்கு மாதமும் அது தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், மூலப்பொருள் வாங்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். அதற்காக அது வட்டிக்குக் கடன் வாங்கும். அந்த நான்கு மாதமும் பீர் நிறுவனம் அதன் பணத்தை வட்டியில்லாமல் கையில் வைத்திருக்கும். உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனத்துக்கு, தங்கள் விருப்பமில்லாமலேயே, சிறு நிறுவனங்கள் கடன் கொடுத்தன. இதைத் திறமையான நிர்வாகம் என்று வணிகப் பத்திரிகைகள் பாராட்டியது வேதனை.

சட்டம் வென்ற இடம்

இன்பெவ் கொடுத்த முக்கியமான வாக்குறுதிகள் இரண்டு: வட அமெரிக்கத் தலைமையகம் செயின்ட் லூயிஸில் இருக்கும், அமெரிக்காவில் உள்ள 12 பீர் ஆலைகளையும் மூட மாட்டோம். இவற்றை அது பல ஆண்டுகள் காப்பாற்றியது. ஆனால், எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நகர நிர்வாகமும் தொழிலாளர்களும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. அமெரிக்க நீதித்துறை தலையிட்டு விதித்த நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: நியூயார்க் மாநிலத்தின் சில நகரங்களில் போட்டி குறையக் கூடாது என்பதற்காக, கனடாவின் லபாட் பீரை அமெரிக்காவில் விற்கும் வணிகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். போட்டியைத் தவிர வேறெதையும் பார்க்க அந்தச் சட்டத்துக்குக் கண் இல்லை.

இருந்தாலும், சட்டம் கண்ணைத் திறந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அடுத்த சம்பவமே சான்று. மொடேலோவின் மீதிப் பாதியையும் சுமார் 2,000 கோடி டாலருக்கு வாங்க இந்த நிறுவனம் முயன்றபோது, 2013 ஜனவரியில் நீதித்துறை வழக்குப் போட்டது. ஒரு நிறுவனம் விலையை ஏற்றினால் மற்றது பின்தொடர்கிறது, மொடேலோ மட்டும்தான் அதற்குப் பணியாமல் இருக்கிறது, அதுவும் போய்விட்டால் நுகர்வோருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அரசின் வாதம். நிறுவனம் இறங்கிவந்தது. கரோனா, மொடேலோ பீர்களை அமெரிக்காவில் விற்கும் உரிமை முழுவதும் கான்ஸ்டலேஷன் என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போனது. பத்தாண்டுகள் கழித்து, 2023-இல், பட் லைட்டைப் பின்னுக்குத் தள்ளி, அமெரிக்காவில் அதிகத் தொகைக்கு விற்கும் பீரானது மொடேலோ எஸ்பெஷல்.

2008-இல் தேசபக்தி முழக்கத்தால் ஒரு வேலையைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. 2013-இல் ஒரு வழக்கு, சந்தையில் ஒரு போட்டியாளரை உயிரோடு காப்பாற்றியது.

வெட்டுவதற்கும் எல்லை உண்டு

கடனில் வாங்கி, வெட்டி, மறுபடி வாங்கும் முறை நிரந்தரமாக ஓடுவதும் இல்லை. 2016-இல் எஸ்.ஏ.பி.மில்லரையும் விழுங்கிய இந்த நிறுவனத்தின் கடன் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. 2018-இல் பங்குதாரர்களுக்கான ஈவுத்தொகையைப் பாதியாகக் குறைக்க வேண்டிவந்தது. அதே பிரேசில் முதலீட்டாளர்கள் பஃபெட்டுடன் சேர்ந்து உருவாக்கிய கிராஃப்ட் ஹைன்ஸ், 2019-இல் தன் சொத்து மதிப்பில் 1,540 கோடி டாலரைக் குறைத்துக் காட்டியது. புதிய பண்டம், நல்ல பெயர், அனுபவசாலிகள் ஆகியவற்றுக்கான செலவையும் வீண்செலவோடு சேர்த்து வெட்டினால், சில ஆண்டுகளுக்கு லாபம் பெருகும். பிறகு விற்பதற்குப் புதிதாக எதுவும் இருக்காது.

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஹேவர்ட்ஸ் போன்ற பீர்கள் 2016-இல் எஸ்.ஏ.பி.மில்லரோடு சேர்ந்து இதே நிறுவனத்தின் கைக்குப் போயின. கிங்ஃபிஷர் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸ் 2021-இல் நெதர்லாந்தின் ஹைனெகன் கட்டுப்பாட்டுக்கு வந்தது. இத்தகைய இணைப்புகளை ஆராயும் இந்தியப் போட்டி ஆணையமும் போட்டியைத்தான் பார்க்கிறது. வேலையை அல்ல, சிறு விநியோகஸ்தரின் நிலுவையை அல்ல.

ஒரு நிறுவனம் கைமாறும்போது, வாங்குபவர் வெளிநாட்டவரா உள்நாட்டவரா என்று வாதாடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். வாங்கும் கடன் எவ்வளவு, அது யாருடைய சம்பளத்திலிருந்தும் யாருடைய நிலுவையிலிருந்தும் அடைபடப்போகிறது என்பதை ஒப்புதலுக்கு முன்பே வெளியிடச் செய்ய வேண்டும். வேலை எண்ணிக்கையும், சரக்குக்குப் பணம் கொடுக்கும் கெடுவும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மீறினால் தொழிலாளர்களும் உள்ளாட்சியும் வழக்குத் தொடுக்கும் உரிமை பெற வேண்டும். சட்டத்தில் இடம்பெறாத எந்த வாக்குறுதியும் ஊரைக் காப்பாற்றாது.