கேரட்டுக்கு எதுக்குங்க மயோனைஸ்?

போன வருஷம் ஆபீஸ் மெடிக்கல் செக்கப்புல பார்த்தா, எடை 6 கிலோ ஏறியிருந்தது. "தினமும் சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலா பச்சைக் கேரட்டும் வெள்ளரிக்காயும்தானே சார் தின்னுறேன்"னு டாக்டர்கிட்ட வாதாடினேன். "எதுல தொட்டு?"ன்னு ஒரே கேள்வி. மயோனைஸ். செம பல்பு!

மயோனைஸ்ல முக்கால்வாசி எண்ணெய்தான் மக்கா. 100 கிராமுக்கு சுமார் 700 கலோரி. நம்ம வீட்டுத் தயிர்ல 60 சொச்சம். வடிகட்டினா கொஞ்சம் கூடும், ஆனாலும் மயோனைஸ் கிட்டயே வராது.

வேலை ரொம்ப சிம்பிள். அரை லிட்டர் புளிக்காத தயிரை மெல்லிய துணியில கட்டி, ஃப்ரிட்ஜுல 4 மணி நேரம் வடிய விடுங்க. கெட்டியானதும் நசுக்கின பூண்டு ஒரு பல், பொடியா நறுக்கின புதினா, மிளகுத்தூள், உப்பு. வெள்ளரி துருவிப் போடுறதா இருந்தா உப்புல பிசிறி, நல்லா பிழிஞ்சுட்டுப் போடுங்க. இல்லேன்னா தண்ணி விட்டு மோராயிடும். வடிஞ்ச தண்ணியில சப்பாத்தி மாவு பிசையலாம்.

கிரேக்கத்துல இதுக்கு சட்ஸிகின்னு பேரு. அம்மாகிட்ட போன்ல பெருமையா சொன்னேன். "தயிர்ப் பச்சடிக்கு இவ்ளோ பில்டப்பாடா?"ன்னுட்டாங்க.

என்னைக் கேட்டா, காய் பச்சையா இருந்தா மட்டும் டயட் ஆகிடாது. தொட்டுக்கறதுலதான் விஷயமே இருக்கு.

டிஸ்கி: மூணு மாசத்துல 4 கிலோ குறைஞ்சது. புண்ணியம் முழுக்க தயிருக்கு இல்ல, லிஃப்ட்டை விட்டு மாடிப்படி ஏறினதுக்கும் பங்கு உண்டு :-)