கிளினிக் நாளுக்கும் பேர் போடு!

“வயசாச்சு, கண்ணு மங்கத்தான் செய்யும்.” கங்காணி சொல்கிறார், கணக்கப்பிள்ளை சொல்கிறார், லயத்தில் நாமும் சொல்லிக்கொள்கிறோம். வயதின் மேல் போடும் இந்தப் பழிக்குப் பின்னால் குளுக்கோமா என்ற நோய் ஒளிந்திருக்கிறது. தோட்ட நிர்வாகங்களும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் ஊறி, மெல்லிய வழியால் வடிகிறது. அந்த வழி சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கான் அடைபட்ட மலை என்னாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறிய அழுத்தம் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. பெரும்பாலும் வலி இல்லை, கண் சிவப்பதும் இல்லை. முதலில் போவது ஓரப் பார்வை. நேரே இருக்கும் கொழுந்து தெரியும், காலடியில் இருக்கும் கான் தெரியாது. ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மறைத்துவிடுவதால், ஆளுக்குத் தெரியவரும்போது நரம்பில் நிறையப் போயிருக்கும். கண்புரையைச் சத்திரசிகிச்சை செய்து பார்வையை மீட்பது போல இதை மீட்க முடியாது. ஆனால் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற முடியும்.

எங்கள் டிவிசனில் 50 வயது தாண்டிய அக்கா ஒருவர் இரண்டு தடவை கானில் விழுந்தார். நிரையில் பக்கத்து ஆளின் மேல் இடித்துக்கொண்டார். கிலோ குறைந்தது, அரைப்பேர் விழுந்தது. “வேலையில கவனம் இல்ல” என்பதுதான் தோட்டத்தில் அவருக்குக் கிடைத்த வைத்தியம். கடைசியில் மகள்தான் கண் கிளினிக்குக் கூட்டிப்போனாள். அதற்குள் இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் விட்டுப் பார்த்து, “ஒண்ணும் தெளியலையே” என்று நிறுத்திவிட்டார். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். இந்த மருந்து பார்வையைக் கூட்டாது, குறையாமல் பிடித்து வைக்கும். அதனால் அது வேலை செய்வது நமக்குத் தெரியாது, நிறுத்தினால் வரும் நட்டம்தான் தெரியும். மகள் சண்டை போட்டு மறுபடி தொடங்க வைத்தாள். இன்று மூன்று வருடமாக அழுத்தம் அடங்கியிருக்கிறது, பார்வையும் நின்ற இடத்தில் நிற்கிறது. சமைக்கிறார், கோயிலுக்குத் தனியாகப் போய் வருகிறார், கொழுந்தும் எடுக்கிறார். செங்குத்து மலையில் அல்ல, தட்டையான இடத்தில். அந்த மாற்றத்தைக்கூடத் துரையிடம் பலமுறை பேசித்தான் வாங்கினோம்.

அவருடைய கண்ணுக்கு எதிராக நோய் மட்டும் நிற்கவில்லை. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கிளினிக் போய்வந்தால் அன்றைய பேர் போச்சு. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அன்றைய சம்பளத்தையும் இழந்து, பஸ் காசும் கொடுத்து, “மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள்” என்ற துண்டுடன் திரும்பினால், குப்பியா அரிசியா என்று வீட்டில் கேள்வி வரும். கூட்டிப்போக ஆளில்லாவிட்டால் வகுப்பில் ஒரு பிள்ளை அன்றைக்கு வராது. அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் இருக்கும்.

கேட்டால், கண் முகாம் நடத்தினோமே என்கிறார்கள். நடத்தினார்கள், படமும் பிடித்தார்கள். எழுத்து வாசிக்கச் சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்கள். குளுக்கோமாக்காரர் பலர் எழுத்தை நன்றாகவே வாசிப்பார்கள். கண் அழுத்தத்தை அளந்து, நரம்பையும் பார்த்தால்தான் நோய் பிடிபடும். அழுத்தம் அளக்கச் சில நிமிடம் போதும். அளக்காத முகாம் கண்ணாடிக் கடைதான்.

சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை என்று கம்பனி சொல்கிறது, தோட்டம் கம்பனியுடையது என்று அரசாங்கம் சொல்கிறது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912இல், தனிச் சட்டம் வந்தது. நூறு வருடம் தாண்டியும் பொறுப்பு யாருடையது என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 40 வயது தாண்டியவர்களும், தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் உள்ளவர்களும், சீனி வியாதிக்காரரும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள். இழுப்பு உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் முன்பே சொல்லுங்கள். சில சொட்டு மருந்து இழுப்பைக் கூட்டும். கண் உறுத்தினால் கடையில் ஏதாவது சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து அழுத்தத்தை ஏற்றும். திடீரென்று கண்ணில் கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்று வந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. அந்த ராத்திரியே தோட்ட லொறியைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் தலைவரை எழுப்புங்கள்.

நிர்வாகத்திடம் கேட்பது இவ்வளவுதான்: கிளினிக் புத்தகத்தைக் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர். வருடம் ஒரு தடவை ஒவ்வொரு டிவிசனிலும் கண் அழுத்தப் பரிசோதனை. வைத்தியர் எழுதிய சொட்டு மருந்து தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பில். பார்வை குறைந்தவருக்குக் கண்ணைப் பார்க்காமல் அரைப்பேர் போடக்கூடாது.

கிளினிக் போன நாளுக்குப் பேர் வெட்டப்பட்டவர்கள், திகதி குறித்த கிளினிக் புத்தகத்தையும் அந்த மாதச் சம்பளத் துண்டையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மகளிர் தலைவிகள் லயம் லயமாகப் போய்ப் பெயர் எடுக்கிறார்கள். வெட்டிய பேர் எத்தனை என்று துரையின் மேசையில் கணக்காக வைக்கப் போகிறோம்.