பெற்றவள் உயிரோடிருக்கப் பிள்ளை அனாதையாம்!

அமெரிக்காவில் ஆண்டுதோறும் கோடை விடுமுறை பிறந்ததும் சபை சபையாக ஆட்கள் கிளம்புகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். மார்பிலே சபையின் பெயர். ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம். ஏதாவது ஓர் ஏழை நாட்டில் இறங்குவார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்து பைபிள் கதை சொல்வார்கள். அந்தக் குழந்தைகளை இடுப்பில் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். இதற்குக் 'குறுகிய கால மிஷன்' என்று பெயர். பாப்டிஸ்டு சபைகளில் இது வெகு சாதாரணமான காரியம். எல்லாச் சபைகளையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கர்கள் இப்படி வெளிநாடு போகிறார்கள் என்று பிரின்ஸ்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ராபர்ட் வுத்னோ 2005-ஆம் ஆண்டு விவரங்களைக் கொண்டு மதிப்பிட்டார். தலைக்கு ஆயிரம் டாலர் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 160 கோடி டாலர்!

போகிறவர்கள் எல்லோரும் பொல்லாதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியை, தச்சர், நர்ஸு என்று உழைத்துப் பிழைக்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய வேதத்தோடும் நமக்கு வழக்கில்லை. போன இடத்தில் அவர்கள் கண்ணில் எது படுகிறது, எது படுவதில்லை என்பதே நம் வழக்கு.

2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஹெய்ட்டி நாட்டைப் பூகம்பம் தாக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் மண்மேடாயிற்று. பிணங்களை எடுத்து முடியுமுன்னே, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து பாப்டிஸ்டு சபைக்காரர்கள் முதலாய்ப் பத்துப் பேர் கொண்ட ஒரு கோஷ்டி வந்து சேர்ந்தது. அவர்கள் எழுதி வைத்திருந்த திட்டம் என்ன தெரியுமா? தெருவிலும் இடிந்த ஆசிரமங்களிலும் உள்ள அனாதைக் குழந்தைகள் நூறு பேரைத் திரட்டுவது; பஸ்ஸில் ஏற்றுவது; பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டு போவது. அங்கே ஓர் ஓட்டலைப் பேசி வைத்திருந்தார்கள். அனாதை இல்லம் பிறகு கட்டப் போவதாக ஏற்பாடு!

ஜனவரி 29-ந் தேதி எல்லைச் சாவடியில் பஸ் நிறுத்தப்பட்டது. உள்ளே 33 குழந்தைகள். கைக்குழந்தை முதல் பன்னிரண்டு வயது வரை. ஒரு குழந்தைக்காவது நாடு கடத்திச் செல்ல உரிய பத்திரம் கிடையாது. பத்துப் பேரும் கைதானார்கள்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ, இருவருமோ உயிரோடு இருந்தார்கள்! தலைநகருக்கு வெளியே மலைமேல் காலெபாஸ் என்று ஒரு குடியானவர் கிராமம். அங்கிருந்து மட்டும் எத்தனையோ குழந்தைகள். உள்ளூர் ஆள் ஒருவரைப் பேசவிட்டு, பிள்ளைக்குப் படிப்பு உண்டு, சாப்பாடு உண்டு, விளையாட இடம் உண்டு, நீங்களும் வந்து பார்க்கலாம் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

வழக்கு நடந்தது. பெற்றோர் நீதிபதி முன் வந்து, "நாங்கள் விருப்பத்தோடுதான் கொடுத்தோம்" என்றார்கள். பிப்ரவரி 17-ந் தேதி எட்டுப் பேர் விடுதலையானார்கள், மார்ச்சில் இன்னொருவர். குழந்தை கடத்தல் குற்றச்சாட்டு பிற்பாடு கைவிடப்பட்டது. கோஷ்டியின் தலைவி மட்டும் சட்டவிரோதப் பயணம் ஏற்பாடு செய்த குற்றத்துக்காக மே மாதம் தண்டிக்கப்பட்டார். சிறையில் இருந்த நாட்களே தண்டனையாகக் கழிக்கப்பட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். சட்டத்தின் கணக்கு அதோடு தீர்ந்தது. நம் கணக்கு தீரவில்லை.

'விருப்பத்தோடு' என்கிற அந்தச் சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! ஆலைக்குள் நுழைகிறவன் முதலாளி நீட்டும் தாளில் விருப்பத்தோடுதான் கையெழுத்துப் போடுகிறான். பண்ணையில் முன்பணம் வாங்குகிறவன் விருப்பத்தோடுதான் கைநாட்டு வைக்கிறான். வயிறு காய்கிறவனின் விருப்பம் எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையை, பேர் தெரியாத வெள்ளைக்காரியின் பஸ்ஸில் ஏற்றிவிடுகிற நிலைமைக்கு ஒரு தாய் எப்படி வந்தாள்? பூகம்பம் மட்டுமா காரணம்?

பன்றிக் கதையைக் கேளுங்கள். ஹெய்ட்டி குடியானவன் வீட்டில் கறுப்பு நாட்டுப்பன்றி ஒன்று இருக்கும். கண்டதைத் தின்று வளரும். நோய் நொடி தாங்கும். அதுதான் அவனுக்குப் பாங்கி. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் பன்றியை விற்றுச் சம்பளம் கட்டுவான். பிள்ளையின் படிப்புக்காக ஆட்டை விற்றவர்கள் நம் வாசகர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இது விளங்கும். 1980-களின் தொடக்கத்தில், பன்றிக் காய்ச்சல் பரவுகிறது, அமெரிக்கப் பன்றிகளுக்கும் தொற்றிவிடும் என்று சொல்லி, அமெரிக்க சர்க்காரின் முன்முயற்சியில் அந்த இனத்தையே கொன்று தீர்த்தார்கள். பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வெள்ளைப்பன்றி வந்தது. அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், விலைக்கு வாங்கிய தீவனம் வேண்டும், சிமெண்டுத் தரை போட்ட கொட்டகை வேண்டும்! குடியானவனின் குடிசைக்கே சிமெண்டுத் தரை கிடையாது. 'நாலுகால் இளவரசர்' என்று அதற்குப் பேர் வைத்துச் சிரித்தார்கள் அந்த ஜனங்கள். சிரித்தார்களே தவிர, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு வழி போயிற்று.

அடுத்தது அரிசி. தன் அரிசியைத் தானே பெரும்பாலும் விளைத்துக்கொண்டிருந்த நாடு அது. 1995-ல் இறக்குமதி வரியை 3 சதவிகிதத்துக்கு இறக்க வைத்தார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. வயலை விட்டவன் தலைநகரின் குப்பங்களில் ஒண்டினான். பூகம்பத்தில் இடிந்து விழுந்தவற்றில் அவன் வீடும் ஒன்று. அன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கிளிண்டன், தம் அர்க்கன்ஸா மாநிலத்துப் பண்ணைக்காரர் சிலருக்கு இது லாபமாயிருந்தது, ஹெய்ட்டி தன் ஜனங்களுக்குச் சோறு போடும் சக்தியை இழந்தது என்று 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் கமிட்டி முன்னால் தாமே ஒப்புக்கொண்டார். (அவரும் பாப்டிஸ்டு சபைக்காரர்தான்!)

இனிக் கூலி. 2009-ல் ஹெய்ட்டி பார்லிமெண்டு குறைந்தபட்ச நாட்கூலியை 200 கூர்டு என்று தீர்மானித்தது. சுமார் ஐந்து டாலர். அமெரிக்க உடுப்புக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆலை முதலாளிகள் குய்யோ முறையோ என்று கத்தினார்கள். ஏற்றுமதித் தையல் ஆலைகளுக்கு மட்டும் 125 கூர்டு என்று வெட்டப்பட்டது. சுமார் மூன்று டாலர். அமெரிக்கத் தூதரகம் முதலாளிகள் பக்கம் நின்ற விவரம் 2011-ல் வெளியான ரகசியத் தந்திகளில் அம்பலமாயிற்று. ஒரு மிஷன் யாத்திரைக்காரரின் ஆயிரம் டாலர், அந்த ஆலையில் தைக்கும் பெண்ணுக்கு 333 நாள் கூலி! அவள் தைப்பது பெரும்பாலும் பனியன்தான். அது போவது அமெரிக்காவுக்குத்தான்.

பழைய கணக்கும் ஒன்று உண்டு. 1804-ல் அடிமைகளே கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்ற நாடு ஹெய்ட்டி. 1825-ல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, நஷ்டஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. யாருக்கு நஷ்டம்? அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த எஜமானர்களுக்கு! தொகை பின்னால் 9 கோடியாகக் குறைந்தாலும், அதற்காக வாங்கிய கடன் 1947-ல்தான் தீர்ந்தது.

இவ்வளவும் ஒரு வாரத்தில் கண்ணில் படுமா? படாது. அழுக்குச் சட்டையோடு ஒரு குழந்தை நிற்பதுதான் படும். உடனே 'அனாதை' என்று பேர் வைத்தாகிவிடும். அனாதையென்றால் இல்லம் வேண்டும். இல்லமென்றால் காணிக்கை வரும். காணிக்கை வர வர, இல்லத்துக்குக் குழந்தை வேண்டும். ஹெய்ட்டி அனாதை இல்லங்களில் சுமார் 30,000 குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களில் 80 சதவிகிதம் பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருப்பதாகவும் லூமோஸ் என்ற குழந்தைகள் நல ஸ்தாபனம் 2017-ல் கூறியது. மூன்றில் ஒரு பங்கு இல்லங்களுக்கு மட்டுமே ஆண்டுக்கு 7 கோடி டாலர் போகிறதாம். அந்தப் பணத்தைத் தாயின் கையில் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்காதா? படிக்கும். ஆனால் இடுப்பில் வைத்துப் படம் எடுக்க அனாதை கிடைக்காது.

பாப்டிஸ்டு என்றாலே இப்படித்தான் என்றும் எண்ண வேண்டாம். ஹெய்ட்டிக்கு மேற்கே ஜமைக்கா இருக்கிறது. அங்கே சாம் ஷார்ப் என்ற அடிமை, பாப்டிஸ்டு சபையில் டீக்கன். 1831 கிறிஸ்துமஸுக்குப் பிறகு, கூலி கொடுக்காமல் வேலைக்குப் போவதில்லை என்று அடிமைகளைத் திரட்டினார். வேலைநிறுத்தம், தோழர்களே! அது கலகமாக மூண்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். 1832 மே மாதம் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் செய்ய நேர்ந்தது. அதே பாப்டிஸ்டு மதத்தில், அடிமைகளை வைத்திருப்பவனும் மிஷனரியாகப் போகலாமா என்ற தகராறில், போகலாம் என்றவர்கள் 1845-ல் தனியே பிரிந்து தெற்கத்தி பாப்டிஸ்டு மாநாட்டை அமைத்தார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க 1995 வரை 150 ஆண்டுகள் ஆயின. ஐடஹோ கோஷ்டியில் பெரும்பாலோரை அனுப்பிய சபைகள் இந்த மாநாட்டைச் சேர்ந்தவையே.

அந்தச் சபைகளில் நல்ல மனம் படைத்த உழைப்பாளிகள் இருக்கிறார்கள் என்று மேலே சொன்னோம். அவர்களை நாம் கேட்கிறோம்: போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு டிக்கெட் எடுக்கிற நீங்கள் ஒரு தடவை வாஷிங்டனுக்கு எடுங்களேன்! அதற்குப் பாஸ்போர்ட்டு வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. அரிசிக்குக் கொடுத்த மானியம் எவ்வளவு, மூன்று டாலர் கூலிக்காகத் தூதரகம் மல்லுக்கு நின்றது யாருடைய உத்தரவில் என்று உங்கள் பிரதிநிதியின் வாசலில் நின்று கேளுங்கள். காலெபாஸ் கிராமத்துத் தாய்மார்களுக்கு அந்த வாசலுக்கு வர விசா கிடைக்காது.