குழந்தைத் தள்ளுவண்டி: விலையைப் பார்க்குமுன் வீதியைப் பார்ப்போம்

ஒரு குழந்தையின் வருகை, குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கை ஒரே நாளில் மாற்றி எழுதிவிடுகிறது. மருத்துவமனைக் கட்டணம், தடுப்பூசி, தொட்டில், துணிமணி எனச் செலவுத் தலைப்புகள் நீள்கின்றன. அவற்றுள் அண்மைக் காலத்தில் நம் நகரக் குடும்பங்களில் இடம்பிடித்திருப்பது குழந்தைத் தள்ளுவண்டி. கடைகளில் பிராம் என்றும் ஸ்ட்ரோலர் என்றும் வேறுபாடின்றி அழைக்கப்படும் இவ்வண்டி ₹5,000க்குள்ளும் கிடைக்கிறது. ₹50,000ஐத் தாண்டியும் விற்கிறது. இத்தனை பெரிய விலை இடைவெளி உள்ள ஒரு பொருளை, மகிழ்ச்சியும் பதற்றமும் கலந்த ஒரு வேளையில், பெரும்பாலோர் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றனர்.

தள்ளுவண்டி வேண்டாம் என்பது நம் வாதமன்று. புணேயிலோ நொய்டாவிலோ பெங்களூரிலோ பணி நிமித்தம் தனித்து வாழும் இளம் தம்பதியருக்குக் குழந்தையைக் கைமாற்றி வாங்கப் பாட்டியோ அத்தையோ அருகில் இல்லை. மூட்டுவலி உள்ள தாத்தாவுக்கும், இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற தாய்க்கும் இது ஆடம்பரம் ஆகாது. ஆயினும், எந்த வண்டி, எப்போது, எந்தப் பணத்தில் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

எப்போது வாங்குவது?

பிறப்பதற்கு முன்பே குழந்தைக்கெனப் பொருள் வாங்கிக் குவிக்கலாகாது என்பது இந்தியாவின் பல பகுதிகளிலும் நிலவும் வழக்கம். அதன் பின்னுள்ள நம்பிக்கை எதுவாயினும், தள்ளுவண்டியைப் பொறுத்தவரை அதில் நல்ல பொருளியல் அறிவும் அடங்கியிருக்கிறது. பிறந்த குழந்தை முதல் சில வாரங்கள் வீட்டைவிட்டு வெளியே செல்வது அரிது. அக்காலத்தில் தூளியும் தாயின் மடியுமே அதன் உலகம். மகப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் பெண்கள் பல நேரங்களில் மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோதான் தம் இல்லம் திரும்புகின்றனர். அதுவரை பெட்டியிலேயே உறங்கும் வண்டிக்கும் உத்தரவாதக் காலம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனவே குழந்தையின் அன்றாட வழக்கம் ஓரளவு தெளிவான பின்னர் வாங்குவதே நன்று. பிறந்த நாளிலிருந்தே தேவை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் முன்கூட்டி வாங்கலாம்.

எந்த வண்டி?

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்பதில்லை. தலையைத் தானே தாங்கப் பொதுவாக மூன்று, நான்கு மாதங்களும், பிடிப்பின்றி உட்கார ஏறத்தாழ ஆறு மாதங்களும் ஆகின்றன. அதற்கு முன் சாய்ந்து அமர்ந்த நிலையில் உறங்கும் குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்து மூச்சுப்பாதை அடைபடும் அபாயம் உண்டு. ஆகவே முதல் ஆறு மாதங்களுக்கு ஏறக்குறையச் சமதளமாகப் படுக்கவைக்கும் வசதி உள்ள வண்டியே ஏற்றது. காரில் பொருத்தும் இருக்கையையே சக்கரத்தின் மீது மாட்டித் தள்ளும் வகை வண்டிகள் இன்று பரவலாகின்றன. காரிலிருந்து இறங்கிச் சிறிது தொலைவு செல்ல அது போதும். நீண்ட உறக்கத்திற்கு அது இடமன்று.

இன்று நாம் காணும் எளிதில் மடியும் வண்டி பிறந்த கதை இங்கு நினைக்கத் தக்கது. இங்கிலாந்தின் ஓவன் மக்லாரன் ஒரு விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் பணியாற்றியவர். மாஸ்கோவிலிருந்து பேத்தியுடன் வந்த மகள் கனத்த தள்ளுவண்டியோடு படும் பாட்டைக் கண்ட அவர், அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடைபோல் மடியும் ஒரு வண்டியை 1965இல் வடிவமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3 கிலோ மட்டுமே. தூக்கிச் செல்பவரின் சுமையைக் குறைப்பதே அக்கண்டுபிடிப்பின் நோக்கம். ஆனால் இன்று விலை ஏற ஏற வண்டியின் எடையும் பெரும்பாலும் ஏறுகிறது. 10 கிலோவுக்கு மேற்பட்டவையும் கடைகளில் உள்ளன. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி வீட்டுக்கு, அறுவைச் சிகிச்சையில் குழந்தை பெற்ற தாய் அதனை எவ்வாறு சுமப்பார்? இதனைத் தன் குடும்பம் கேட்டுக்கொள்ள வேண்டும். விற்பனையாளர் கேட்கமாட்டார்.

நம் வீதி எப்படி இருக்கிறது?

விளம்பரப் படங்களில் வண்டி ஓடுவது பூங்காவின் வழவழப்பான பாதையில். நம் வண்டி ஓடப்போவதோ நம் தெருவில். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரிகளுக்கான வழிகாட்டி நெறிகள், குடியிருப்புப் பகுதிகளிலும் நடைபாதை 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்றும், அதன் விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்றும் கூறுகின்றன. நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தாலே நெறிக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவு புலப்படும். மின்மாற்றி, இருசக்கர வாகனம், தோண்டிய மண் ஆகியவற்றுக்கு நடுவே சிறு சக்கர வண்டி நகராது. பெரிய சக்கரமும் அதிர்வு தாங்கியும் வேண்டும். மாறாக, வளாகத்துக்குள்ளேயே சுற்றிவரும் அடுக்ககக் குடும்பத்திற்கு எளிய வண்டியே போதும்.

நெரிசலான சாலையோரம் வண்டியே பொருந்தாமலும் போகலாம். தள்ளுவண்டியில் செல்லும் குழந்தை, உடன் நடக்கும் பெற்றோரைவிட 60 விழுக்காடு வரை கூடுதலாக மாசுற்ற காற்றைச் சுவாசிக்க நேரலாம் என இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எடுத்துரைத்தனர். வாகனப் புகை செறிந்திருக்கும் தாழ்ந்த உயரத்தில் குழந்தையின் முகம் இருப்பதே காரணம். மிசோரத்திலும் நாகாலாந்திலும் தாய்மார் நெய்த துணியால் குழந்தையை முதுகோடு கட்டிச் சுமக்கும் மரபு இன்றும் வாழ்கிறது. சந்தைக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் செல்ல, அத்தகைய துணிக்கட்டு விலையுயர்ந்த வண்டியைவிடப் பயன்படக்கூடும். குழந்தையின் மூக்கும் வாயும் மறையாமல், முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரியுமாறு கட்டுவது முக்கியம். முதுகில் சுமப்பதும் கழுத்து நன்றாக நின்ற பின்னரே.

வெயிலுக்கு அஞ்சி வண்டியைத் துணியால் முழுதும் மூடுவதும் தவறு. உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் விரைவில் ஏறிவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

இணையத்தில் வாங்குவதாயினும் ஒருமுறையேனும் நேரில் தொட்டுப் பார்ப்பது நலம். தோள், இடுப்பு, கால்களுக்கு நடுவே எனப் பிணைக்கும் ஐந்து முனைப் பட்டை உள்ளதா? தடையைப் பூட்டிய பின் சரிவில் வண்டி அசையாது நிற்கிறதா? ஒரு கையில் குழந்தை இருக்க, மறு கையால் மடக்க முடிகிறதா? மடக்கிய வண்டி நம் மின்தூக்கியிலும் காரின் பின்பகுதியிலும் அடங்குமா? சக்கரமோ பட்டையோ பழுதானால் நம் ஊரில் மாற்று உதிரி கிடைக்குமா?

மடியும் கீல்களைச் சிறப்பாக நோக்க வேண்டும். அமெரிக்காவில் 2009 நவம்பரில் ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியாயிற்று. வண்டியை விரிக்கும்போது கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனிகள் துண்டிக்கப்பட்டமையே அதற்குக் காரணம். உலகப் புகழ்பெற்ற வண்டிகளிலேயே அது நேர்ந்தது என்பதால், விலையும் பெயரும் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடா. வண்டியை விரிக்கவும் மடக்கவும் வேண்டியபோது குழந்தை எட்டி நிற்கட்டும். கைப்பிடியில் கனத்த பைகளைத் தொங்கவிட்டால் வண்டி பின்னோக்கிக் கவிழும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

குறையுள்ள பொருளை மாற்றித்தர விற்பவர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். அதற்கு விலைச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

எந்தப் பணத்தில்?

வணிகவியல் பயின்ற நமக்குத் தேய்மானம் என்னும் சொல் நன்கு பழக்கமானது. நடக்கத் தொடங்கிய குழந்தை வண்டியில் அமர மறுப்பது வீடுதோறும் காணும் காட்சி. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுப் பயனுக்கு வாங்கும் பொருளை அந்த ஆயுளைக் கொண்டே மதிப்பிட வேண்டும். ₹24,000 வண்டியை 12 மாதம் பயன்படுத்தினால் மாதம் ₹2,000 ஆகிறது. ₹8,000 வண்டிக்கு அது ₹700க்கும் குறைவு. நல்ல நிலையில் உள்ள உறவினர் வண்டியைப் பெறுவதில் சிறுமை ஏதுமில்லை. தடை, பட்டை, கீல் மூன்றையும் சோதித்துப் பெறலாம்.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் சொற்றொடரையும் கவனமாகப் படிக்க வேண்டும். கடன் அட்டைத் தவணைகளில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைந்திருக்கிறது என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுட்டிக்காட்டியது. உடனடிப் பணத்திற்குக் கிடைக்கும் தள்ளுபடியைத் தவணையில் வாங்குவோர் இழப்பதும் உண்டு. கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். கடன் அளிப்பதும் நம் தொழிலின் ஒரு பகுதியே. எனினும், நிற்கும் சொத்துக்கும் வருவாய் தரும் கல்விக்கும் கடன் பெறுவது வேறு, ஓராண்டில் மூலைக்குச் செல்லும் பொருளுக்குப் பெறுவது வேறு என்று சொல்வதும் நம் கடமை.

மேற்கண்ட இரு வண்டிகளின் விலை வேறுபாடு ₹16,000. அதனை ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டுவட்டி எனக் கொண்டு தொடர்ந்து மறுமுதலீடு செய்தால், 18 ஆண்டுகளில் ஏறத்தாழ ₹54,000 ஆகும். பெண் குழந்தையாயின் ₹250 இருந்தாலே சுகன்ய சம்ருத்தி கணக்கைத் தொடங்கலாம். எந்தக் குழந்தைக்கும் பொது வருங்கால வைப்பு நிதி உண்டு. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே இவற்றுள் ஒன்றைத் தொடங்குவது, வண்டி வாங்குவதைவிட முந்திய கடமை என்பது நம் எண்ணம்.

வண்டியை வாங்கியவர்களுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். நடைபாதையில் ஏற முடியாமல் திகைக்கும்போது வண்டியைத் தூக்கிக் கடந்துவிடுவதோடு நில்லாமல், மாநகராட்சிக்கும் குடியிருப்போர் சங்கத்திற்கும் ஒரு கடிதம் எழுதுவோம். அவ்விடத்தில் அமையும் ஒரு சாய்தளம், நம் குழந்தை வண்டியை மறந்த பின்னரும், சக்கர நாற்காலியில் வருவோருக்கும் ஊன்றுகோலுடன் நடக்கும் முதியோருக்கும் பல்லாண்டு பயன்படும்.