தொண்டனின் கணக்கை யார் பார்ப்பது?

புனே ரெயில் நிலையத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஜஹாங்கீர் ஆஸ்பத்திரி. 2021-ம் ஆண்டு மே மாதம் 16-ந்தேதி அங்கே ராஜீவ் சாதவ் காலமானார். வயது 46. கொரோனாவில் இருந்து தேறிவிட்டார் என்று கேட்டு எல்லோரும் மூச்சு விட்ட வேளையில், சைட்டோமெகலோ என்ற வேறொரு வைரஸ் அவரைப் பிடித்துக் கொண்டது. பலருடைய உடம்பில் சத்தம் போடாமல் கிடக்கும் கிருமிதான் அது. உடம்பு தளர்ந்த நேரம் பார்த்துத் தலை தூக்கும்.

அவர் காங்கிரஸ்காரர். ஆனால் இது அந்தக் கட்சிக்குப் பரிந்து எழுதுவது அல்ல. ரெயில்வே குமாஸ்தாவுக்குக் கட்சி கிடையாது. சர்வீஸ் விதி இடம் கொடுக்காது. தேர்தல் என்ற தேரை இழுக்கிற மனிதர்களைப் பற்றியே இங்கே பேச்சு. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். சக்கரத்தடியில் குனிந்து, கட்டை கொடுத்து, தேரைத் திருப்பி நிறுத்துகிறவர்கள் நாலு பேர். ஆபத்து அந்த நாலு பேருக்குத்தான். தேர் நிலைக்கு வந்த பிறகு அவர்களை யாரும் தேடுவதில்லை. சாதவ் அந்த நாலு பேரில் ஒருவர்.

கீழ்ப்படியில் இருந்து

சாதவின் சொந்த ஊர் களம்நூரி. மராத்வாடாவில், பூர்ணா - அகோலா ரெயில் பாதையில் வரும் ஹிங்கோலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் பிறந்தது 1974-ல், புனேயில். படித்ததும் இங்கே பர்குசன் கல்லூரியிலும் ஐ.எல்.எஸ். சட்டக் கல்லூரியிலும்தான். தாயார் ரஜனி சாதவ் மகாராஷ்டிரத்தில் மந்திரியாக இருந்தவர். ஆகவே ஏழை வீட்டுப் பிள்ளை என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் பஞ்சாயத்து சமிதி, ஜில்லா பரிஷத், சட்டசபை என்று ஒவ்வொரு படியாகவே ஏறினார். 2010 முதல் 2014 வரை அகில இந்திய இளைஞர் காங்கிரஸ் தலைவராக இருந்தார்.

2014 லோக்சபா தேர்தலில் மகாராஷ்டிரத்தின் 48 தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒன்று நாந்தேட், மற்றொன்று ஹிங்கோலி. ஹிங்கோலியில் சாதவ் ஜெயித்தது 1,632 ஓட்டு வித்தியாசத்தில். ஒரு லோக்சபா தொகுதியில் ஓட்டுச் சாவடிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். சாவடிக்கு இரண்டு ஓட்டு குறைந்திருந்தால் கதை மாறியிருக்கும்.

அந்த இரண்டு ஓட்டு மேடைப் பேச்சில் வருவதில்லை. பட்டியலில் பெயர் விட்டுப் போன கிழவிக்குப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியூர் போன கூலிக்காரனை ஓட்டு நாளுக்குள் வரவழைக்க வேண்டும். மனத்தாங்கலோடு இருக்கும் ஊர்ப் பெரியவரின் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதை எல்லாம் கேட்டுக் கொள்ள வேண்டும். பத்திரிகையில் வராத வேலை இது. ஆனால் இதுதான் வேலை.

அடுத்து அவரைக் கட்சி குஜராத்துக்கு அனுப்பியது. 2017 சட்டசபைத் தேர்தலில் சௌராஷ்டிரா அவர் பொறுப்பு. சௌராஷ்டிரா - கட்ச் பகுதியின் 54 தொகுதிகளில் 30 காங்கிரசுக்குக் கிடைத்தன. மாநிலம் முழுவதிலும் 77 இடம், ஆட்சி கிடைக்கவில்லை. 2019-ல் குஜராத் பொறுப்பைக் கவனிப்பதற்காக ஹிங்கோலியில் தாம் போட்டியிடாமல் ஒதுங்கினார். அந்தத் தேர்தலில் குஜராத்தின் 26 தொகுதிகளில் ஒன்றுகூட அவர் கட்சிக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தொழிலில் உழைப்பு ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம்.

2020-ல் ராஜ்யசபா உறுப்பினர் ஆனார். அந்த ஆண்டு செப்டம்பர் 21-ந்தேதி, விவசாய மசோதா அமளிக்காக சபையில் இருந்து நீக்கி வைக்கப்பட்ட எட்டுப் பேரில் அவரும் ஒருவர். அன்று அவருக்கு 46-வது பிறந்த நாள். இரவு முழுவதும் பாராளுமன்ற வளாகப் புல்தரையில் தர்ணா. அடுத்த பிறந்த நாளைப் பார்க்க அவர் இல்லை.

நம் ஊரிலும் இதே கதை

அந்த 2021-ல் தமிழ்நாட்டிலும் தேர்தல். வேட்பாளர்களும் தொண்டர்களும் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ், ஓட்டுப் பதிவு முடிந்த ஐந்தாம் நாள் கொரோனாவில் இறந்தார். பிரசாரக் கூட்டங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்று சென்னை ஐகோர்ட்டு தேர்தல் கமிஷனைக் கடுமையாகச் சாடியது. மாதவராவ் வேட்பாளர், அதனால் பெயர் தெரிகிறது. அவரைப் போன்றவர்களுக்குப் பின்னால் கொடி தூக்கிச் சென்று கிருமியை வீட்டுக்குக் கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்தக் கட்சி ஆபீசிலும் கிடைக்காது.

பழைய கதை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டை அழகிரி 1938 இந்தி எதிர்ப்பின்போது திருச்சியில் இருந்து சென்னைக்கு நடந்து சென்ற தமிழர் படையின் தளபதி. மேடை ஏறினால் மணிக்கணக்காகப் பேசுவார். க்ஷயரோகம் பிடித்து 1949-ல் மறைந்தபோது அவருக்கு 50 வயது ஆகவில்லை. அவர் நோயில் கிடந்தபோது, கூட்டத்துக்குத் தேதி கேட்டு வந்தவர்களிடம் அறிஞர் அண்ணா, "முதலில் அழகிரிக்கு நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பிவிட்டு ரசீதோடு வாருங்கள்" என்ற பொருளில் சொன்னார் என்பார்கள். ஒரு தலைவர் தொண்டனின் கணக்கைப் பார்த்த விதம் இது. இன்று தேதி கேட்பவர்களிடம் இப்படி ரசீது கேட்கும் தலைவர்கள் எத்தனை பேர்?

நூறு மீட்டர்

தேர்தல் என்றால் நம்மைப் போன்ற அரசாங்க ஊழியர்களுக்கும் டூட்டி விழும். அந்த டூட்டியில் ஓர் ஊழியர் இறந்தால் அவர் குடும்பத்துக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று தேர்தல் கமிஷன் விதி வைத்திருக்கிறது. நியாயமான விதி. சாவடியில் இருந்து 100 மீட்டர் தள்ளி, வெயிலில் மேசை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கும் கட்சிப் பையனுக்கு என்ன விதி? அவனும் அதே தேர்தலுக்காக, அதே வெயிலில், அதே பத்து மணி நேரம் உழைக்கிறான். அவன் சுருண்டு விழுந்தால் மறுநாள் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று கட்டுவார்கள். அதிலும் அவன் படத்தைவிடத் தலைவர் படம் பெரிதாக இருக்கும்.

"தொண்டுக்குக் கூலி கேட்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கூலி கேட்கவில்லை. இப்போது பல கட்சிகள் தேர்தல் ஆலோசனைக் கம்பெனிகளுக்குப் பணம் கட்டுகின்றன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு. அவர் போடும் திட்டத்தைத் தெருவில் நடத்திக் காட்டுகிறவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றால், அதற்குத் தொண்டு என்று பெயர் வைப்பது ஏமாற்று.

பெரிய செலவும் ஆகாது. பாங்கிக் கணக்கு வழியாகச் சேரும் ஜீவன் ஜோதி பீமாவுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். சுரக்ஷா விபத்து பீமாவுக்கு 20 ரூபாய். இரண்டிலும் இரண்டு இரண்டு லட்சம் ரூபாய் பாதுகாப்பு. முதல் திட்டத்தில் 18 வயது முதல் 50 வயது வரை சேரலாம். ஆக, தலைக்கு 456 ரூபாய். ஒரு பேனர் செலவைக் குறைத்தால் சிலருக்குக் கட்டிவிடலாம். அதற்கு முதலில் கட்சியிடம் யார் யார் வேலை செய்கிறார்கள் என்ற பெயர்ப் பதிவு வேண்டும். வாக்காளர் பட்டியலைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிற கட்சிகளுக்கு, தம் தொண்டர் பட்டியலை எழுதி வைப்பது அவ்வளவு சிரமமா?

புனேயில் 2017-க்குப் பிறகு 2026 ஜனவரி 15-ந்தேதிதான் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. கட்கி, தேஹு ரோடு, எரவாடா, பிம்ப்ரி என்று நம்மவர்கள் வாழும் இடங்களில், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குத் தமிழ் பேசும் பையன்கள் தேவைப்படுகிறார்கள். மராத்தியும் தெரியும், தமிழ்ச் சந்தும் தெரியும் என்பதால் கிராக்கி. வேலை செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்குள் நமக்கு ஒரு குரல் கிடைக்க அதுவும் ஒரு வழி. ஆனால் அடுத்த தேர்தலில் சட்டைப் பையில் கட்சி பேட்ஜைக் குத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, என் பெயரை எந்த நோட்டில் எழுதியிருக்கிறீர்கள்?"

ராஜீவ் சாதவுக்கு அரசு மரியாதை கிடைத்தது, தலைவர்கள் இரங்கல் சொன்னார்கள். அது அவருக்கு உரியதுதான். அவருக்குக் கீழே அந்த 1,632 ஓட்டை வீடு வீடாகச் சேர்த்த பையன்களின் பெயரும் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். அவரை நினைப்பவர்கள் அந்த நோட்டைத் திறக்கட்டும். மாலையை அதற்குப் பிறகு போடலாம்.