தாய்க்குப் பின் யார்?

கிள்ளானில் நான் இளம் ஆசிரியனாய்ப் பணியாற்றிய காலத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். ஆயினும் பள்ளிப் பூஞ்செடிகளுக்கு நீர் வார்க்க அவன் ஒருநாளும் மறந்ததில்லை. இன்று அவனுக்கு நாற்பது வயது. அடுக்குமாடி வீடொன்றில் முதிய தாயோடு வாழ்கிறான். அண்மையில் அத்தாய் என்னைக் கண்டு, "எனக்குப் பின்னால இவனுக்கு யாருங்க ஐயா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் பாடம் சொன்ன நாவுக்கு விடை எழவில்லை.

தோட்டப்புற வாழ்வைப் பொன்னுலகம் என்று புனைந்துரைக்க நான் வரவில்லை. லயத்து வீட்டில் அடைத்து வைக்கப்பட்டோரும் உண்டு. கேலிப்பெயர் சுமந்தோரும் உண்டு. எனினும் கோயில் மணியடிக்கவோ, மாடு மேய்க்கவோ அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கு அங்கே ஒரு வேலை இருந்தது. முகமறிந்த அண்டை அயலார் இருந்தனர். தோட்டங்கள் நகரங்களாயின. லயத்தோடு அந்த இடமும் போயிற்று.

"அரசாங்கம் இருக்கிறதே" என்பர் சிலர். உண்மையே. 1984 முதல் சமூக மறுவாழ்வு மையங்கள் இயங்கி வருகின்றன. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வந்தது. நன்றி பாராட்டுவோம். ஆனால் பகல்நேர மையம் மாலையில் மூடப்படும். வீடு திரும்பும் மகனுக்குக் கதவு திறக்கத் தாய் என்றும் இருப்பாளா?

"ஏதேனும் ஓர் இல்லத்தில் சேர்க்கலாமே" என்பர் வேறு சிலர். இல்லம் வேறு, ஊர் வேறு. இல்லத்தில் ஒருவர் கொடுப்பார், மற்றவர் பெறுவார். ஊரிலோ இருவரும் உழைப்பர். ஒரே பந்தியில் உண்பர். நாஜிகளிடமிருந்து தப்பிய வியன்னா மருத்துவர் கார்ல் கோனிக், 1940இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் அருகே கேம்ப்ஹில் என்னும் இடத்தில் இத்தகைய வாழ்வைத் தொடங்கினார். முதலில் அது சிறுவர்க்கானது. 1955இல் இங்கிலாந்தின் போட்டனில் பெரியவர்களுக்கென ஓர் ஊரே எழுந்தது. வயலிலும் பட்டறையிலும் அவர்கள் உழைத்தனர்.

1964இல் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் ஜான் வனியே 'லார்ஷ்' அமைப்பைத் தொடங்கினார். 1970இல் அது 'ஆஷா நிகேதன்' என்ற பெயரில் பெங்களூரு வந்தது. பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. அந்த வனியே பெண்கள் பலரிடம் தவறாக நடந்தவர் என்பதை, அவ்வமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை 2020இல் வெளிப்படுத்திற்று. இது நமக்குப் பாடம். தலைவரைத் தெய்வமாக்காத, வெளியார் கண்காணிப்புக்குக் கதவு திறந்த ஊரே நமக்கு வேண்டும்.

"இவர்களைத் தனியே குடியமர்த்துவது ஒதுக்கி வைப்பதாகாதா?" என்று கேட்பது நியாயமே. மதில் எழுப்பிப் பூட்டுப் போட்டால் அது சிறையே. பிரிக்பீல்ட்சைப் பாருங்கள். 1951இல் உருவான பார்வையற்றோர் சங்கம் அங்கே நிலைகொண்டிருக்கிறது. வெள்ளைக்கோல் ஏந்தியவர் கடைவீதியில் நம்மிடையே நடக்கிறார். கடைக்காரர் வழிவிடுகிறார், கைகொடுக்கிறார். அவருக்கு இதை எந்த மேடைப்பேச்சும் கற்பிக்கவில்லை; சேர்ந்து வாழ்ந்ததே கற்பித்தது. நாம் அமைக்கும் ஊரும் அப்படியே இருக்க வேண்டும்: கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ அருகில், குறையில்லாத குடும்பங்களும் உடன் வாழ, விளைந்த கீரை நம் சந்தைக்கு வர, உழைத்தவர்க்குக் கூலி கிடைக்க, விரும்பாதவர் வெளியேற உரிமையிருக்க.

நிலத்துக்கு எங்கே போவது என்று கைவிரிக்காதீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். அவர்தம் பிள்ளைகள் நாம். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் பொன்னாடைக்கும் நம்மிடம் பணம் உண்டு. இவர்களுக்குச் சில ஏக்கர் மண் மட்டும் இல்லையா?

ஆசிரியர்களே, தேர்வில் வென்றவரை மேடையேற்றுகிறோம், தகும். வெல்ல இயலாதவரும் நம் பதிவேட்டில் பெயரெழுதப்பட்ட மாணவரே. அத்தாய் இன்னும் என் விடைக்குக் காத்திருக்கிறார்.