வீட்டுக் கணக்கும் விடை தானமும்

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் பாடத்துக்குக் கொடுக்கப்படும் வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பதே பெரிய உதவி என்று நம்மவர்களில் பலர் கருதிக் கொண்டிருக்கிறார்கள். படித்த அண்ணன் தம்பிக்கு அப்படித்தான் செய்கிறான். காசு வாங்கும் டியூஷன்காரரும் அப்படித்தான் செய்கிறார். கடையில் விற்கும் நோட்சும் அதைத்தான் செய்கிறது. இது உதவியே அல்ல, உதவி என்னும் பெயரால் பிள்ளைகளின் அறிவுக்குச் செய்யப்படும் கெடுதி என்பதே நமது அபிப்பிராயம்.

கொல்லிமலையை எடுத்துக் கொள்ளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் அங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர், பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்று எழுதப்பட்டிருக்கும் மக்களாவார்கள். இவர்கள் கேரளத்தார் அல்லர், தமிழே பேசுகிறவர்கள். சாமையும் மிளகும் காப்பியும் விளைவித்துப் பிழைப்பவர்கள். அரசாங்கத்தின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இவர்களுடைய பிள்ளைகள் படிக்கிறார்கள். எழுத்தறியாத தாய் தகப்பனுடைய வீட்டிலிருந்து முதன்முதலாகப் புத்தகம் எடுத்த பிள்ளைக்கு, கணக்கு ஓடாதபோது கேட்பதற்கு வீட்டில் ஆள் ஏது?

மலைக்குக் கீழே நாமக்கல்லைப் பாருங்கள். கோழிக்கும் முட்டைக்கும் பேர் போன அவ்வூர்ப் பக்கம், மார்க்கு வாங்கித் தரும் தங்கும் பள்ளிகளுக்கும் பேர் போனது. ‘பிராய்லர் பள்ளி’ என்று ஜனங்களே பரிகாசமாய்ப் பெயர் வைத்தார்கள். நம் மாகாணத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் 11ஆம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே தாண்டி, இரண்டு வருஷமும் 12ஆம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்க 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைக்க வேண்டி வந்தது. ஆகவே மேலே இருப்பவனுக்குச் சொல்லித் தர ஆளில்லை. கீழே இருப்பவனுக்கோ யோசிக்க விடாத ஆட்கள் ஏராளம். இருவருக்கும் நஷ்டம் ஒன்றுதான்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உயரத்திலிருந்து ஒரு கல்லைக் கைவிட்டால் 3 விநாடியில் எவ்வளவு தூரம் விழும்? ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம் விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பெண் 9.8ஐ 3ஆல் பெருக்கி 29.4 மீட்டர் என்று எழுதுகிறாள். “தப்பு” என்று அடித்துவிட்டு, ஒரு சூத்திரத்தை எழுதி, 44.1 என்று முடித்துக் கொடுப்பவர் அவளுக்கு என்ன கொடுத்தார்? ஒரு மந்திரத்தைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அப்படிக்கின்றி, “இந்த 29.4 எதைக் குறிக்கிறது, அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது விநாடியின் முடிவில் கல்லுக்கு உள்ள வேகம் அது என்று அவளே கண்டுகொள்வாள். “கைவிடும்போது வேகம் என்ன?” ஒன்றுமில்லை. “அப்படியானால் மூன்று விநாடியும் அது 29.4 வேகத்திலேயே போயிற்றா?” இல்லை. “வேகம் ஒரே சீராய்க் கூடுவதால் சராசரி என்ன?” பாதி, அதாவது 14.7. “அந்தச் சராசரியில் மூன்று விநாடி போனால்?” 44.1 மீட்டர். சூத்திரம் எங்கிருந்து பிறந்தது என்பதை அவளே கண்டுவிட்டாள். அதை அவள் மறந்து போனாலும் மறுபடி உண்டாக்கிக் கொள்வாள். அவளுடைய முதல் விடையும் வீணல்ல. வழியில் பாதி தூரம் அதிலேயே இருந்தது. அதை அடித்தெறிந்தவர்தான் வழியை மறைத்தவர்.

மந்திரம் சொல்லும் புரோகிதர் அர்த்தம் சொல்வதில்லை; கேட்பவனும் கேட்பதில்லை. அர்த்தம் தெரியாமல் சூத்திரத்தை ஒப்பிக்கும் பிள்ளைக்கும் இவனுக்கும் என்ன பேதம்? அமெரிக்கப் பௌதிக அறிஞர் ரிச்சர்டு ஃபெய்ன்மன் 1951-52இல் பிரேசில் தேசத்தில் பாடம் நடத்தியபோது, ஒளியைப் பற்றிய விதியை வரி பிசகாமல் ஒப்பித்த மாணவர்கள், ஜன்னலுக்கு வெளியே கடல் நீரில் பட்டு வரும் ஒளிக்கும் அதே விதிதான் என்பதை அறியாமல் விழித்ததைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். விஞ்ஞானத்தையும் வேதமாக்கி ஓதலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

கனமான பொருள் முந்தி விழும், லேசானது பிந்தி விழும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதைப் பல நூற்றாண்டுகள் கல்விமான்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கலிலியோ அதை ஒப்பவில்லை. சாய்வுப் பலகையில் குண்டுகளை உருட்டி அளந்து பார்த்து, 1638இல் புத்தகமாகவும் போட்டார். 1971இல் அப்பல்லோ 15இல் சந்திரனுக்குப் போன டேவிட் ஸ்காட், காற்றில்லாத அவ்விடத்தில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாய்க் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையில் விழுந்தன. “பெரியவர் சொன்னார்” என்பதை விடையாக ஏற்காததல்லவா இந்தப் பாடத்தின் உயிர்?

நிற்க, கருவிகள் இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். மலையே ஒரு சோதனைச் சாலையாய் நிற்கிறது! பாதை ஏன் நேரே ஏறாமல் 70 தரம் வளைகிறது? பலாப்பழத்தைக் கம்பில் தொங்கவிட்டு இருவர் தூக்கினால், பழம் யார் பக்கம் நெருங்கியிருக்கிறதோ அவர் தோள் ஏன் அதிகம் வலிக்கிறது? கடல் மட்டத்துக்கு 1000 மீட்டருக்கு மேலே, 100 பாகைக்குச் சில பாகை குறைவாகவே உலைநீர் கொதிப்பது ஏன்? ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி, அதாவது 90 மீட்டருக்குச் சற்று அதிகம் என்கிறார்கள். மேலே போட்ட கணக்கின்படி, தடையில்லாமல் விழும் ஒரு கல் 3 விநாடியில் அதில் பாதி தூரம்கூட வந்திராது. மீதிப் பாதியைக் கடக்க அதற்கு இன்னும் 3 விநாடி வேண்டுமா, வேண்டாமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

“பரீட்சை நெருங்குகிறதே, இப்படிக் கேட்டுக் கொண்டிருந்தால் பாடம் முடியுமா?” என்பார்கள். பத்துக் கணக்குக்கு விடை வாங்கியவன் பதினோராவது கணக்கில் நின்று விடுவான். ஒன்றை உள்ளபடி அறிந்தவன் அந்தப் பதினோராவதையும் போடுவான். இதில் எது சீக்கிரம் என்று சொல்லுங்கள்.

ஆகையால் உதவி செய்யப் போகும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. முதலில் பிள்ளை என்ன முயன்றது என்று பாருங்கள். கணக்கைப் படமாய் வரையச் சொல்லுங்கள். தெரிந்தது எது, தேடுவது எது என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். மீட்டரா, விநாடியா என்று அலகைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். வந்த விடை உலகத்தில் நடக்கக் கூடியதா என்று கடைசியில் கேளுங்கள். பேனாவை மாத்திரம் நீங்கள் பிடுங்காதீர்கள்.

எழுத்தறியாத தாய் தகப்பன்மார்களும் தங்களால் ஆகாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. “இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லு பார்ப்போம்” என்று கேட்பதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. சொல்லிப் பார்க்கும்போதே பிள்ளைக்குத் தன் கணக்கின் ஓட்டை தெரிந்துவிடும். படிக்காதே என்று நம்மைத் தள்ளி வைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது படி, ஆனால் ஏனென்று கேட்காதே என்று சொல்லப்படுமானால் அதுவும் தள்ளி வைப்பதுதான் என்பதை உணர வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.